லினக்ஸுக்கு மாறிவிட்டோம், பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் வேலை செய்யவில்லை: இரண்டு மைக்குக்கு எது வாங்கலாம்?

வாசிப்பறை:

வணக்கம். நான் தமிழ் ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கிறேன். வீட்டில் ஒரு சின்ன அறையில்தான் பதிவு. என் கணவர் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார், அவருடைய பாடங்களையும் அதே அறையில் அதே சாமான்களை வைத்துத்தான் பதிவு செய்கிறோம்.

கம்ப்யூட்டர் இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கிறது, இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 போடப் போனால் ப்ராசஸர் பழசு என்று ஏற்க மறுக்கிறது. நன்றாக இருக்கும் மெஷினைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் 22.2 போட்டோம். பிரிண்டர், வைஃபை, தமிழ் தட்டச்சு எல்லாம் பிரச்சினை இல்லாமல் வந்துவிட்டன. ஒலிப்பதிவுக்கான ஆடாசிட்டி, ரீப்பர் இரண்டுமே லினக்ஸில் கிடைப்பதால் மென்பொருளிலும் கவலை இல்லை.

சிக்கல் ஆடியோ இன்டர்ஃபேஸில்தான், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியில். பல வருஷம் முன்னால் வாங்கியது, கம்பெனிப் பெயர் வேண்டாம், அவர்கள் அந்த மாடலை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். விண்டோஸிலேயே அவர்கள் கொடுத்த டிரைவரைப் போட்டால்தான் வேலை செய்யும். மின்ட்டில் செருகினால் மேலே உள்ள விளக்கு எரிகிறது, ஆனால் சவுண்ட் செட்டிங்ஸில் அதன் பெயரே வருவதில்லை. டெர்மினலில், செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை அடித்தால் மட்டும் பட்டியலில் தெரிகிறது.

புதிதாக ஒன்று வாங்கத் தயார். தேவை இவ்வளவுதான்: ஒரே நேரத்தில், மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கம்பியில் மாட்டும் இரண்டு மைக் (மிருதங்கத்தின் இரண்டு முகங்களில் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று), இரண்டும் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக் என்பதால் மைக் கம்பி வழியாகவே அதைக் கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர், படிக்கும்போது என் குரல் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும். பட்ஜெட் 15 ஆயிரம், ரொம்பவும் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். கடையில் போய் "லினக்ஸில் ஓடுமா" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, பெட்டியில் விண்டோஸ், மேக் இரண்டு பெயர்தான் அச்சிட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து நம்பி வாங்குவது?

கெர்னல்காரன்:

அக்கா, பெட்டியில் லினக்ஸ் என்ற பெயரைத் தேடாதீர்கள், அது கிட்டத்தட்ட எந்தப் பெட்டியிலும் இருக்காது. "கிளாஸ் கம்ப்ளையன்ட்", அதாவது யூஎஸ்பி ஆடியோ பொது விதிப்படி பேசும், என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால், டிரைவர் எதுவும் போடாமல் ஐபேடில் ஓடும் என்று இருக்கிறதா பாருங்கள். ஐபேடில் தனியாக டிரைவர் நிறுவும் வழக்கமே இல்லை என்பதால், அதில் ஓடும் இன்டர்ஃபேஸ் யூஎஸ்பி ஆடியோ பொது விதிப்படிதான் பேசியாக வேண்டும். அதே விதியைத்தான் லினக்ஸும் படிக்கிறது. கடைக்காரருக்கு லினக்ஸ் தெரியாது, ஐபேட் கட்டாயம் தெரியும், அதனால் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டால் பதில் கிடைக்கும்.

ஏன் இப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். யூஎஸ்பி வழியாக ஒலியை அனுப்ப ஒரு பொது விதி 1998-லேயே வந்துவிட்டது. அதிக சேனல், அதிக சாம்பிள் ரேட் (ஒரு விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) தேவைப்பட்டதால் இரண்டாம் பதிப்பு 2006-ல் வந்தது. லினக்ஸும் மேக்கும் இந்த இரண்டாம் பதிப்பை 2010 வாக்கில் ஏற்றுக்கொண்டன. விண்டோஸ்தான் இழுத்தடித்தது, விண்டோஸ் 10-ல் 2017-ல் வந்த அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். அதுவரை கம்பெனிகள் எல்லாம் விண்டோஸுக்குத் தனியாக டிரைவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் பெரும்பாலோர் விண்டோஸ் என்பதால் "இன்டர்ஃபேஸ் வாங்கினால் டிரைவர் போட வேண்டும்" என்பது எல்லார் மனசிலும் பதிந்துவிட்டது. லினக்ஸில் அப்படி இல்லை, யூஎஸ்பி ஆடியோவுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. செருகினால் வர வேண்டும், வரவில்லையென்றால் டவுன்லோட் செய்து போட டிரைவர் எதுவும் இருக்காது.

உங்கள் பழைய இன்டர்ஃபேஸ் பெட்டியை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் சிறிய வி எழுத்தும் சேர்த்து அடித்தால் நீளமாக ஒரு விவரம் வரும். அதில் அந்தப் பெட்டிக்குக் கீழே "இன்டர்ஃபேஸ் கிளாஸ்" என்ற வரிகளைத் தேடுங்கள். எண் 1, ஆடியோ என்று வந்தால் பொது விதிப்படி பேசும் பெட்டி. 255, வெண்டர் ஸ்பெசிஃபிக் என்று மட்டும் வந்தால் அது கம்பெனியின் சொந்த பாஷை, அந்த மாடலுக்கென்று யாராவது கெர்னலில் எழுதியிருந்தால்தான் உண்டு. பின்பக்கம் ஏதாவது சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எடிரால் யூஏ-25-ல் "அட்வான்ஸ்" என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதை அணைத்தால் பொது விதிக்கு மாறிவிடும். ஸ்டெய்ன்பெர்க் யூஆர்22 மார்க் 2-ல் பின்னால் "சிசி மோட்" என்று இருக்கும். இப்படி ஒன்று உங்கள் பெட்டியிலும் இருந்தால் காசே செலவில்லை.

தவில்வீடு:

இவ்வளவு யோசிப்பானேன், இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கிப் போட்டுவிடலாமே? யூஎஸ்பி மைக் எல்லாம் லினக்ஸில் அப்படியே வேலை செய்கிறது, நான் ஒன்று வைத்திருக்கிறேன், செருகியதும் வந்துவிட்டது.

ஒலிக்கூடம்:

தவில்வீடு, ஒரு மைக் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அக்கா படிப்பது மட்டும்தான் வேலை என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மிருதங்கத்துக்கு இரண்டு யூஎஸ்பி மைக் வைப்பது ஆபத்து. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் தனித்தனி கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் சாம்பிள் ரேட் 48,000 என்று சொன்னாலும் ஒன்று இம்மியளவு வேகமாகவும் மற்றது இம்மியளவு மெதுவாகவும் ஓடும். ஐந்து நிமிஷம் வரை தெரியாது, அரை மணிநேரப் பாடத்தில் வலந்தலைச் சொல்லும் தொப்பிச் சொல்லும் விலக ஆரம்பிக்கும். மென்பொருள் வழியாக இரண்டையும் இழுத்துப் பிடிக்கலாம்தான், ஆனால் அதற்காக ஒலி தொடர்ந்து மறுகணக்கு செய்யப்படும், தாளக்கருவிக்கு அதை நான் விரும்பமாட்டேன். இரண்டு மைக்கும் ஒரே பெட்டிக்குள் போய் ஒரே கடிகாரத்தில் ஓடுவதுதான் நல்லது.

சரி, மாடலுக்கு வருகிறேன். கெர்னல்காரன் சொன்னதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும், அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒலி வருவது மட்டும் போதாது, பெட்டியின் கட்டுப்பாடுகள் எங்கே இருக்கின்றன? கெய்ன் (மைக் ஒலியைக் கூட்டிக் குறைப்பது), ஃபேன்டம் பவர், டைரக்ட் மானிட்டர் (மைக் ஒலியை நேராக ஹெட்போனில் கேட்பது) எல்லாம் கையால் திருகும் குமிழாகவும் அழுத்தும் பட்டனாகவும் முன்னால் இருந்தால் கவலையில்லை. கம்பெனியின் விண்டோஸ் மென்பொருளைத் திறந்துதான் மாற்ற முடியும் என்றால் லினக்ஸில் கை கட்டிப் போட்டது மாதிரி ஆகிவிடும். விலை ஏற ஏற இந்தத் தொல்லை கூடுகிறது, மிக்ஸர் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது. யூனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோவுக்கு அந்தக் கம்பெனி லினக்ஸ் ஆதரவு கொடுக்கவில்லை, அதே கம்பெனியின் சின்ன வோல்ட் வரிசை செருகியதும் ஓடும். அதனால் உங்கள் பட்ஜெட் சின்னது என்று வருத்தப்படாதீர்கள், லினக்ஸுக்கு சின்னப் பெட்டிகள்தான் ஒத்துப்போகின்றன.

உங்கள் தேவைக்கு பெரிங்கர் யூஎம்சி202ஹெச்டி, பிரீசோனஸ் ஆடியோபாக்ஸ் யூஎஸ்பி 96, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2 நான்கும் வரும், நான்கிலும் இரண்டு மைக் பிரீ (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி), ஃபேன்டம் உண்டு. எம்2 உங்கள் தொகைக்கு மேலே போகும், ஆனால் முன்னால் ஒலியளவு காட்டும் சின்னத் திரை இருக்கிறது, தனியாக உட்கார்ந்து பதிவு செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. பெரிங்கர்தான் காசுக்கு நிறைவு. வாங்கும்போது எண்ணை மட்டும் நன்றாகப் பாருங்கள்: யூஎம்சி22 என்று இன்னொன்று இன்னும் குறைந்த விலைக்கு இருக்கும், அதில் எக்ஸ்எல்ஆர் ஒன்றுதான், மற்றது கிடாருக்கு, அதோடு ஒலியை அளக்கும் நுணுக்கம் 16 பிட்தான். ஸ்கார்லெட் சோலோவிலும் மைக் ஒன்றுதான். படத்தில் இரண்டு ஓட்டை தெரிகிறதே என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

கெர்னல்காரன்:

ஸ்கார்லெட் பற்றி ஒரு துணுக்கு, செகண்ட் ஹேண்டில் நிறைய கிடைப்பதால் சொல்கிறேன். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டைப் புதிதாகச் செருகினால் அது ஒரு பென்டிரைவ் மாதிரியும் காட்சி தரும், உள்ளே முதல்முறை அமைப்பதற்கான ஒரு ஃபைல் இருக்கும். அந்த நிலையில் முழு வசதியும் வராது. 48வி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே யூஎஸ்பியைச் செருகி, சில விநாடி கழித்து விடுங்கள், பிறகு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள், அந்த பென்டிரைவ் வேஷம் போய்விடும்.

பெரிய ஸ்கார்லெட்டுகளில் உள்ள மிக்ஸர், ரூட்டிங் (எந்த ஒலி எந்த வழியில் போகும் என்பது) இவற்றுக்கு கெர்னல் டிரைவர் எழுதியவர் ஜெஃப்ரி பென்னட். திரையில் பார்த்து மாற்ற அவரே ஒரு மென்பொருளும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் தலைமுறைக்கு கெர்னல் 5.4-ல் வந்தது, மூன்றாம் தலைமுறை 5.14-ல். கெர்னல் 6.7-க்கு முன்னால் அந்த டிரைவரை நாமே ஒரு வரி எழுதி இயக்க வேண்டும், இப்போது தானாகவே வருகிறது. மின்ட் 22.2-ல் இருப்பது 6.14, எனவே அக்காவுக்கு எந்தத் தலைமுறை கிடைத்தாலும் சரி. ஒரு தனி மனிதர் இத்தனை வருஷம் விடாமல் செய்ததால்தான் இன்றைக்கு நாம் ஸ்கார்லெட்டைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது, இந்த உழைப்புக்கு நன்றி சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசில்லை.

பழையகம்பி:

யாராவது ஃபயர்வயர் (யூஎஸ்பி மாதிரி இன்னொரு பழைய இணைப்பு முறை) பெட்டி வைத்துக்கொண்டு இதைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். ஃபோகஸ்ரைட் சஃபையர் ப்ரோ, மோட்டு 828, எம்-ஆடியோ ஃபயர்வயர் வரிசை எல்லாம் இன்றைக்குப் பழைய விலைக்குக் கிடைக்கின்றன, சில மாடல்களில் எட்டு மைக் போடலாம், பிரீயும் தரமானது. ஆப்பிள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயரை அடியோடு எடுத்துவிட்டது. ஃபயர்வயரை வளர்த்துவிட்ட கம்பெனியே கைவிட்ட பிறகும் லினக்ஸில் அது உயிரோடு இருக்கிறது. தகாஷி சகமோட்டோ என்பவர் 2023-ல் அந்தப் பகுதியின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டு, 2029 வரைக்கும் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

டெஸ்க்டாப்பில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போட வேண்டும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பாருங்கள். மற்ற சிப்புகளில் சத்தம் விட்டு விட்டு வருவதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். கோவிலில் கச்சேரி முழுவதையும் பதிவு செய்கிறவர்களுக்கு இது நல்ல வழி. வாசிப்பறைக்கு இது தேவையில்லை, இரண்டு மைக்குக்கு யூஎஸ்பியே போதும்.

மணிமுத்தாறு:

எதிர்க்கருத்து ஒன்று. விண்டோஸ் 10-க்கே வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு கொடுக்கிறார்கள். பழைய பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்கிறீர்கள். அதுவரை அதிலேயே ஓட்டிவிட்டு, காசு சேர்த்து அப்புறம் புது கம்ப்யூட்டராகவே வாங்கலாமே? பதிவு வேலை சோறு போடும் வேலை, அதில் பரிசோதனை வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒலிக்கூடம்:

நியாயமான கேள்விதான், கையில் முடிக்க வேண்டிய நூல் பாதியில் இருந்தால் அதை முடிக்கும்வரை விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் அந்த நீட்டிப்பு முடிந்தபின் புது மெஷின் வாங்கினாலும் இந்தப் பழைய பெட்டிக்கு விண்டோஸ் 11-ல் டிரைவர் இருக்குமா என்பது சந்தேகம். கம்பெனி கைவிட்ட மாடல் அது. எப்படியும் ஒரு நாள் பெட்டி மாற்ற வேண்டும். பொது விதிப்படி பேசும் பெட்டியை வாங்கினால் அது விண்டோஸிலும் ஓடும், மேக்கிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும், கம்பெனி மூடினாலும் ஓடும். நான் லினக்ஸுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

வாசிப்பறை:

எல்லாருக்கும் நன்றி. கெர்னல்காரன் சொன்னபடி பழைய பெட்டியைப் பார்த்தேன், எல்லா வரியிலும் 255தான், பின்னால் சுவிட்சும் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

கணவரின் மாணவர் ஒருவரிடம் யூஎம்சி202ஹெச்டி இருந்தது, இரவல் வாங்கிச் செருகினேன். உடனே பெயர் வந்துவிட்டது, டிரைவர் எதுவும் போடவில்லை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் இரண்டு சந்தேகம். சவுண்ட் செட்டிங்ஸில் முதல் மைக்கும் இரண்டாவது மைக்கும் தனித்தனி சாதனம் போல வருகின்றன, ரீப்பரில் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுப்பது எப்படி? அடுத்தது, நான் படிக்கும்போது ஹெட்போனில் என் குரல் இரட்டையாகக் கேட்கிறது, ஒன்று உடனே, ஒன்று கொஞ்சம் பின்னால்.

கெர்னல்காரன்:

முதலாவது சுலபம். மின்ட் 22-ல் ஒலியைக் கவனிப்பது பைப்வயர் என்ற அமைப்பு. சில பெட்டிகளை அது சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மைக் மைக்காகப் பிரித்துக் காட்டும். ஜூம் அழைப்புக்கு அது நல்லது, நமக்கு வேண்டாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் பாவுகன்ட்ரோல் (pavucontrol) என்று தேடி நிறுவுங்கள், கடைசியில் உள்ள கான்ஃபிகரேஷன் பக்கத்துக்குப் போய், உங்கள் பெட்டிக்கு நேரே உள்ள ப்ரொஃபைலை "ப்ரோ ஆடியோ" என்று மாற்றுங்கள். இரண்டு உள்ளீடும் ஒரே சாதனத்தின் இரண்டு சேனலாக வந்துவிடும். ரீப்பரில் இரண்டு டிராக் போட்டு ஒன்றுக்கு மோனோ 1, மற்றதுக்கு மோனோ 2 என்று கொடுங்கள். நீங்கள் படிக்கும்போது மோனோ 1 மட்டும். ஆடாசிட்டியில் ஸ்டீரியோவாக எடுத்தால் உங்கள் குரல் இடது காதில் மட்டும் கேட்கும், பயப்பட வேண்டாம், டிராக்கை இரண்டாகப் பிரித்து வெறுமையாக இருப்பதை அழித்துவிட்டால் முடிந்தது.

சந்தேகமாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ப்ராக் ஃபோல்டருக்குள் ஏசவுண்ட், அதற்குள் உங்கள் கார்டின் எண், அதற்குள் ஸ்ட்ரீம்0 என்று ஒரு ஃபைல் இருக்கும், சும்மா திறந்து படிக்கலாம். பதிவுப் பகுதியில் சேனல்கள் 2 என்றும், 44100, 48000, 96000 என்று ரேட் வரிசையும், "அசிங்க்" என்ற சொல்லும் இருக்கும். கடைசியாகச் சொன்னது, பெட்டி தன்னுடைய சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது, கம்ப்யூட்டரின் இழுப்புக்கு ஆடவில்லை என்பதற்கு அடையாளம். புதிதாக எதை வாங்கினாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த ஃபைலைத்தான்.

ஒலிக்கூடம்:

இரட்டைக் குரலுக்கு நான் சொல்கிறேன். உடனே கேட்பது பெட்டிக்குள்ளேயே நேராக ஹெட்போனுக்குப் போகிற குரல், அது டைரக்ட் மானிட்டர். பின்னால் கேட்பது கம்ப்யூட்டருக்குள் போய் ரீப்பர் வழியாகத் திரும்பி வருகிற குரல். ஏதாவது ஒன்றை அணைக்க வேண்டும். நீங்கள் ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டர் பட்டனை அணைத்துவிடுங்கள், பெட்டியின் டைரக்ட் மானிட்டர் மட்டும் இருக்கட்டும். அப்போது தாமதம் என்ற பேச்சே உங்களுக்கு இல்லை, பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலித்துண்டு) அளவை 1024 என்றே பெரிதாக விட்டுவிடலாம். 48,000 ரேட்டில் 1024 சாம்பிள் என்றால் சுமார் 21 மில்லி விநாடி, பழைய ஐ5-க்கு அது நிம்மதியான அளவு, நடுவில் டிக் டிக் என்று வெடிப்பு வராது. கம்ப்யூட்டர் வழியாகவே எஃபெக்டோடு கேட்டு வாசிக்க வேண்டும் என்கிறவர்கள்தான் 256, 128 என்று குறைக்கப் பாடுபட வேண்டும். 256-ல் ஐந்தே சொச்சம் மில்லி விநாடி, போகவும் வரவும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அப்புறம், யூஎஸ்பியை கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் செருகாதீர்கள். பெட்டிக்கு மின்சாரமே அந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது, இரண்டு கண்டென்சர் மைக்குக்கும் ஃபேன்டம் அதிலிருந்துதான் போகிறது. பின்னால் மதர்போர்டில் நேராக உள்ள போர்ட்டில் செருகுங்கள், ஹப் வேண்டாம். மெல்லிய "ம்ம்ம்" சத்தம் வந்தால் முதலில் போர்ட்டை மாற்றிப் பாருங்கள், மைக்கைக் குறை சொல்வதற்கு முன்னால்.

தவில்வீடு:

ஃபேன்டம் போட்டால், மின்சாரம் தேவைப்படாத சாதா டைனமிக் மைக் கெட்டுப்போகுமா? இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து ஒரே பட்டன்தான் இருக்கிறதாமே. தவிலுக்கு ஒரு பக்கம் டைனமிக், ஒரு பக்கம் கண்டென்சர் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்.

ஒலிக்கூடம்:

சரியான எக்ஸ்எல்ஆர் கம்பியில் மாட்டிய டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக வையுங்கள். உள்ளே மெல்லிய உலோகப் பட்டை உள்ள பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் ஃபேன்டமை அணைத்துவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போதும் கழற்றும்போதும் ஃபேன்டமை அணைத்து, ஹெட்போன் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், "டப்" என்று வரும் சத்தம் காதுக்கு நல்லதல்ல.

வாசிப்பறை:

ப்ரோ ஆடியோ மாற்றியதும் இரண்டு மைக்கும் ஒன்றாக வந்துவிட்டன. இரட்டைக் குரலும் போய்விட்டது. வலந்தலை, தொப்பி இரண்டையும் தனித்தனி டிராக்கில் கேட்டுவிட்டு அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, "சாப்பு" விழுகிற இடம் இவ்வளவு தெளிவாக இதற்கு முன் கேட்டதில்லை என்கிறார். இதே மாடலை ஆர்டர் போடப்போகிறோம். கடைசியாக ஒன்று: சாம்பிள் ரேட் 192 ஆயிரம் வரை இருக்கிறதே, அதிகமாக வைத்தால் நல்லதா? ஒலிநூல் வாங்கி வெளியிடுகிறவர்கள் 44.1 ஆயிரம் என்கிறார்கள்.

ஒலிக்கூடம்:

குரலுக்கு 192 வேண்டவே வேண்டாம், ஹார்ட் டிஸ்க் நிறையும், மெஷின் திணறும், காதுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. ஒலிநூலுக்கு 44.1-லேயே எடுங்கள், ஆடிபிளின் ஒலிநூல் வெளியீட்டுத் தளமான ஏசிஎக்ஸ் கேட்பதும் அதைத்தான்: சராசரி ஒலியளவு மைனஸ் 23-லிருந்து மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, நீங்கள் பேசாமல் இருக்கும்போது அறையின் சத்தம் மைனஸ் 60-க்குக் கீழே. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், மின்விசிறியை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் வெறும் அறையைப் பதிவு செய்து பாருங்கள்.

மிருதங்கம் வீடியோவோடு போகிறது என்றால் அதற்கு மட்டும் 48. இரண்டுக்கும் 24 பிட் வையுங்கள். 24 பிட்டில் கெய்னை முறுக்கி ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, அவர் முழு பலத்தோடு ஒரு கோர்வை வாசிக்கட்டும், ரீப்பரில் உச்சம் மைனஸ் 12 அருகே நிற்கும்படி குமிழை வைத்துவிட்டுக் கை எடுத்துவிடுங்கள். பாடம் சொல்லும்போது மெதுவாக வாசிப்பார், தீர்மானத்துக்கு வரும்போது பலம் தானாகக் கூடும், அந்த இடைவெளி அதற்கு வேண்டும்.

கெர்னல்காரன்:

பைப்வயர் வழக்கமாக 48,000-ல் ஓடும். 44.1-ல் எடுக்கும்போது ரீப்பரின் ஆடியோ சாதனப் பட்டியலில், பைப்வயரைத் தாண்டி நேராகப் பேசும் அல்சாவைத் தேர்ந்தெடுத்து பெட்டியை நேராகக் கொடுத்துவிடுங்கள், நடுவில் ரேட் மாற்றம் எதுவும் நடக்காது. அந்த நேரத்தில் பிரௌசரில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் பெட்டி வேறு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது என்று ரீப்பர் சொல்லும், பிரௌசரை மூடிவிட்டுத் திரும்ப முயலுங்கள். புதுப் பெட்டி வந்ததும் அந்த ஸ்ட்ரீம்0 ஃபைலில் வருவதை இங்கே ஒட்டுங்கள் அக்கா, அடுத்து இதே மாடலைத் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.